உடற்கல்வி இயக்குநர்

கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களின் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் போட்டிகளுக்கும் பொறுப்பான ஆசிரியர் உடற்கல்வி இயக்குநர். பத்மநாபபுரம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து மூத்தவர்களின் வாயில் அவர் ‘டிரில் மாஸ்டர்’. அலுவலகத் தாளில் ‘ஃபிசிக்கல் டைரக்டர்’. பிள்ளைகளுக்கு ‘பி.டி. சார்’. பட்டாளத்துக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிறகு ஆசிரியராகி, கடைசியில் பேராசிரியருக்கு இணையாக உட்கார்ந்த கதை இந்த மூன்று பெயர்களுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் கதையின் நடுவில் நிற்பவர் ஹாரி குரோ பக். அவருக்கு முன்பே இந்த மண்ணில் உடலைப் பழக்கும் மரபு இருந்ததால், கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

கல்லும் களரியும்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பீடத்தின்மேல் வைத்திருக்கும் உருண்டைக் கல்லைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எடை 38 கிலோ. திருவிதாங்கூர்ப் படையில் சேர வந்த இளைஞன் அதைத் தலைக்கு மேலே 101 தடவை விடாமல் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் 3,838 கிலோ. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல் இதற்கு உறவுதான். அங்கே பொங்கலன்று ஊர் கூடி நின்று பார்க்கும். இங்கே பார்த்தவர்கள் படைத் தலைவர்கள். இரண்டும் பரீட்சை. தூக்கியவன் உள்ளே போனான், தூக்க முடியாதவன் வீட்டுக்குப் போனான். அவனுக்கு யாரும் அங்கே பயிற்சி கொடுக்கவில்லை.

பயிற்சி கிடைத்த இடம் களரி. குமரி மாவட்டத்தில் அடிமுறை, சிலம்பம், வர்மம் மூன்றும் தெரிந்தவரை ஆசான் என்பார்கள். தென்முறைக் களரி என்று கேரளத்தில் அறியப்படுவது இந்த மரபையே. அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே எண்ணெய் போட்டுத் தடவவும், விலகிய எலும்பைக் கட்டவும் தெரிந்தவராக இருந்தார். வந்து சேர்ந்த பையனின் உடல்வாகைப் பார்த்து அவனுக்கு ஏற்றதைத் தொடங்கி வைப்பார். இன்றைய மைதானத்தில் ஒருவன் கால் பிசகி விழுந்ததும் மற்ற எல்லாரையும் முந்தி ஓடி வருகிற பி.டி. சாரிடம் அந்த ஆசானின் சாயல் உண்டு. வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உடற்கல்வி என்றதும் கப்பலில் வந்த சரக்கு என்று தொடங்கிவிடுவது பழக்கமாகிவிட்டது.

கப்பலில் வந்ததும் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர்களில் டச்சுக் கம்பெனியின் அதிகாரி டி லனாய் ஒருவர். அரசர் அவரைத் தண்டிக்காமல் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். பத்மநாபபுரத்துக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவருடைய இருப்பிடமாயிற்று. ஐரோப்பிய முறை அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அவரால் திருவிதாங்கூர்ப் படைக்கு வந்தன. ‘வலிய கப்பித்தான்’ என்று மக்கள் அழைத்த அவர் 1777-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கோட்டைக்குள் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பகைவனாக வந்து பயிற்சியாளனாக மடிந்த அந்த மனிதரை இவ்வட்டாரத்தின் முதல் டிரில் மாஸ்டர் என்று சொன்னால் அது மிகையாகாது.

டிரில்லிலிருந்து விளையாட்டுக்கு

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களே அதை நடத்தினார்கள். வரிசையாக நிற்பது, கையை உயர்த்துவது, ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’. பந்து கிடையாது, சிரிப்பும் கிடையாது. அந்த வாத்தியாருக்குப் பள்ளியில் மரியாதையும் குறைவு, சம்பளமும் குறைவு. படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் வரிசையில் அவரைச் சேர்க்கவில்லை.

இந்த நிலையை மாற்றிய கருத்து அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவானது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் உடல், அறிவு, ஆன்மா மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக லூதர் குலிக் வரைந்து காட்டினார். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் கேட்டதற்கு விடையாக 1891-இல் அவருடைய சக ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அதே இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் 1895-இல் கைப்பந்தை உருவாக்கினார். இன்று தமிழ்நாட்டில் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் கம்பம் நட்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஹாரி குரோ பக்

பக் 1884-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1919-இல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகச் சென்னைக்கு வந்தார். ஒரு மன்றத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது மட்டும் வேலை என்றால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. வந்தவுடன் அவருக்கு ஒன்று விளங்கியது: நூறு பையன்களுக்குத் தானே பயிற்சி கொடுப்பதைவிட, நூறு ஊர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்களை அனுப்புவதுதான் காரியம். 1920-இல் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். இருந்தவை சில ஓலைக் கொட்டகைகள். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் அவ்வளவுதான். பின்னர் அது அடையாற்றங்கரையில் நந்தனத்துக்கு இடம் பெயர்ந்தது. சென்னை அண்ணா சாலையில் போகிற பேருந்திலிருந்து இன்றும் அதன் மரங்கள் தெரியும்.

பக்கின் தலைமையில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது, அவர் எதையும் தன் தலைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பது. அந்நாளில் விளையாட்டு விதி ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் ‘அவுட்’ என்றால் அடுத்த ஊரில் ‘ஆட்டம் தொடரலாம்’. இப்படி இருக்கையில் கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்தினால் சண்டையில்தான் முடியும். பக் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். ‘ரூல்ஸ் ஆஃப் கேம்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ்’ என்ற அந்தக் கைநூல் அவருக்குப் பின்னும் திருத்தித் திருத்தி அச்சிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களின் பையில் இருந்தது. மேல்நாட்டு ஆட்டங்களோடு சடுகுடு, பூப்பந்து போன்ற நம் ஆட்டங்களுக்கும் அளவும் விதியும் வகுக்கும் வேலையில் அவருடைய கல்லூரிக்குப் பங்கு உண்டு. ‘வியாயாம்’ என்ற உடற்கல்வி இதழும் அங்கிருந்து வெளிவந்தது. சென்னை மாகாண அரசு உடற்கல்வியில் அவரிடம் ஆலோசனை கேட்டது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றுக்காக எட்டுத் தடகள வீரர்கள் போனார்கள். அந்த அணிக்கு மேலாளர் பக். அணியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டவர் சி.கே. லட்சுமணன், பிற்காலத்தில் மருத்துவராகி, இந்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநராக உயர்ந்தவர். ஒலிம்பிக் மைதானத்தில் ஓடிய ஒருவர் நாட்டின் மருத்துவத் துறைக்குத் தலைவரானது, படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நினைக்கும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. ஒலிம்பிக் முடிந்ததும் பக்கும், அதே இயக்கத்தைச் சேர்ந்த ஏ.ஜி. நோரனும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி விளையாட்டுச் சங்கங்கள் அமையப் பாடுபட்டார்கள். 1927-இல் சர் தோராப்ஜி டாடா தலைவராகவும் நோரன் செயலாளராகவும் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது.

பக்கைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்நாளைய ஒய்.எம்.சி.ஏ. எழுத்துகளில் இந்தியர் உடல் வலுவற்றவர், ஒழுக்கம் கற்பிக்கப்பட வேண்டியவர் என்ற காலனியப் பார்வை இருந்தது. மிஷன் நோக்கமும் இருந்தது. ஆனால் அவர் விட்டுச் சென்ற வேலையைப் பார்த்தால் அந்தப் பார்வையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது தெரிகிறது. இந்தியர்கள் ஆசிரியரானார்கள், முதல்வர்களானார்கள், சொந்தமாகக் கல்லூரிகள் தொடங்கினார்கள். பக் 1943-இல் சென்னையில் காலமானார். வந்த ஊரிலேயே ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்து மறைந்தவர் என்ற வகையில் உதயகிரியின் டி லனாயோடு வைத்துப் பார்க்கத் தகுந்தவர்.

பல்கலைக்கழகப் பதவி

அமெரிக்காவில் இந்தப் பதவி வேறு பாதையில் போயிற்று. 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அமோஸ் அலான்சோ ஸ்டாகை உடற்பயிற்சித் துறைக்கு இயக்குநராக நியமித்து, பேராசிரியர் குழுவில் சேர்த்தது. அவர் நாற்பது ஆண்டு அங்கே இருந்தார். ஸ்டாகும் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து போனவரே. நெய்ஸ்மித் 1898-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், பின்னாளில் அங்கே விளையாட்டு இயக்குநராகவும் இருந்தார். அதன்பின் அந்நாட்டில் கல்லூரி விளையாட்டு பெருந்தொழிலாக வளர்ந்தது. இன்றைய அமெரிக்க விளையாட்டு இயக்குநர் பயிற்சியாளர்களை நியமிக்கிறார், தொலைக்காட்சி ஒளிபரப்பு வருமானத்தைப் பார்க்கிறார், அரங்கம் கட்ட நன்கொடை திரட்டுகிறார். நம் ஊரில் அவர் ஆசிரியராகவே நின்றுவிட்டார். அது குறையன்று என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். வருமானம் பார்க்கிறவருக்கு நன்றாக ஆடுகிற முப்பது பேர் போதும்; ஆசிரியருக்கு மூவாயிரம் பேரும் பிள்ளைகள்தான்.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் 1925-இல் ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. பல்கலைக்கழகங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி 1940-களின் தொடக்கத்தில் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. அணியைத் தேர்ந்தெடுக்கவும், மாணவர்களின் தகுதித் தாள்களைச் சரிபார்க்கவும், ரயிலில் கூட்டிக்கொண்டு போகவும், கூட்டிக்கொண்டு வரவும் முழுநேரம் ஒருவர் வேண்டியிருந்தார். பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநர் என்ற பதவிக்கு வலுவேறியது இந்தத் தேவையால்தான்.

பத்மநாபபுரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகள் இதற்கிடையில் பல பல்கலைக்கழகங்களின் கையில் மாறின. 1937-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதற்கும் மூத்தது, தெ.தி. இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில் இருந்துகொண்டது. பின்னர் 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழும், 1990 முதல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும் குமரி மாவட்டக் கல்லூரிகள் வந்தன. பல்கலைக்கழகம் மாறும்போதெல்லாம் விளையாட்டு வீரனுக்கு எதிரணியும் மாறியது. திருவனந்தபுரத்துக் கல்லூரியோடு மோதியவனின் தம்பி மதுரைக் கல்லூரியோடு மோதினான். அவன் மகன் பாளையங்கோட்டைக்குப் பேருந்து ஏறினான்.

இணைப்புக்கு முன்பு இவ்வட்டாரத்தின் விளையாட்டில் செல்வாக்கோடு இருந்தவர் கர்னல் கோதவர்ம ராஜா. 1908 அக்டோபர் 13-இல் பூஞ்ஞாறில் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்துகொண்டவர். 1954-இல் அவர் முயற்சியில் உருவான விளையாட்டுக் கவுன்சிலே பின்னர் கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலானது. 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறக்கும்வரை அதை வழிநடத்தினார். அவர் பிறந்த நாள் கேரளத்தில் விளையாட்டு நாள். பல்கலைக்கழக இயக்குநராக அவர் இருக்கவில்லை. ஆனாலும் விளையாட்டுக்கு ஒரு நிர்வாகம் வேண்டும், அதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும் என்பதை அரசுக்கு உணர்த்தியவர்.

1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வராக இருந்தவர் பி.எம். ஜோசப். 1985-இல் அதே பெயரில் ஒரு கல்லூரி திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டில் காரைக்குடி அழகப்பா, பெரியநாயக்கன்பாளையம் மாருதி, திருச்செந்தூர் சிவந்தி ஆதித்தனார் எனக் கல்லூரிகள் பெருகின. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஓலைக் கொட்டகையில் ஐந்து பேரோடு தொடங்கிய படிப்புக்கு எண்பத்து நான்கு ஆண்டில் தனிப் பல்கலைக்கழகம்.

பணியும் தகுதியும்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இயக்குநரின் வேலை விசில் ஊதுவது. உண்மையில் அது சுண்ணாம்பில் தொடங்குகிறது. 400 மீட்டர் ஓடுபாதையில் எட்டுத் தடம் போட வேண்டும். வளைவில் வெளித்தடக்காரர் கூடுதல் தூரம் ஓடுவதால் அவரைத் தொடக்கக் கோட்டிலேயே முன்னால் நிறுத்த வேண்டும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். எட்டாம் தடத்துக்காரர் 53.03 மீட்டர் முன்னால். ஒரு கோடு தவறினால் ஓர் ஆண்டு உழைத்த பையனின் பரிசு வேறொருவனுக்குப் போய்விடும். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் வெயிலில் நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடக்கும் அந்த மனிதர் கணக்கில் பிழை விடக் கூடாதவர்.

ஜூன் மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை. சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும், போலியைக் கண்டுபிடிக்க வேண்டும், மாணவனை மைதானத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கிடையேயான மண்டலப் போட்டிகள். வருகைப் பதிவு குறைகிறது என்று கோபிக்கும் துறைத் தலைவரிடம் பையனுக்காகப் பேசுவதும் அவர் பாடு. பயணப்படி வர இரண்டு மாதமாகும்; அதுவரை தன் கைக்காசைப் போட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த இயக்குநர்களைத் தெரியாத விளையாட்டு வீரர் தமிழ்நாட்டில் அரிது. தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து உயிர்மூச்சு. அந்தப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கல்லூரியில் நின்று படிப்பை முடிக்கவும், ஆட்டத்தை வைத்தே வேலை வாங்கவும் வழிகாட்ட ஒருவர் வேண்டும். அங்கேதான் நல்ல இயக்குநரும் சாதாரண இயக்குநரும் பிரிகிறார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் பயிற்சி என்றால், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, வழியில் விளக்கு இருக்கிறதா, வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகள் பந்துக்கு முன்னே வந்து நிற்கின்றன. வீடு தேடிப் போய் அப்பாவிடமும் ஆச்சியிடமும் பேசிப் பெண்ணை மைதானத்துக்குக் கூட்டி வந்த பெண் இயக்குநர்கள் செய்த வேலை எந்தப் பதக்கக் கணக்கிலும் ஏறவில்லை. இந்தப் பதவி வரலாற்றின் பெருமை மிக்க பகுதி அது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலை. உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும், ‘நெட்’ தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். பல்கலைக்கழக இயக்குநராக உயர முனைவர் பட்டத்தோடு பத்தாண்டு அனுபவம் வேண்டும். போட்டிகளும் பயிற்சி முகாம்களும் நடத்திய சான்றும், நல்ல அணிகளை உருவாக்கிய சான்றும் காட்ட வேண்டும். இவற்றோடு வேறெந்த ஆசிரியருக்கும் இல்லாத ஒரு தேர்வும் உண்டு. முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண் பன்னிரண்டு நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். நாற்பது வரை 1,500, நாற்பத்தைந்து வரை 1,200, ஐம்பது வரை 800 மீட்டர். பெண்களுக்கு எட்டு நிமிடம். தூரம் முறையே 1,000, 800, 600, 400 மீட்டர். பத்மநாபபுரத்துக் கல்லின் வழிவந்த பரீட்சை இது. ஆனால் வயதுக்கு வயது அளவு குறைத்திருப்பதில் மனிதத்தன்மை இருக்கிறது.

குறை எது என்றும் சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கல்லூரியில் ஓர் இயக்குநர். அவரும் பதக்கம் கொண்டுவரும் சிலரோடு நாளைக் கழிக்க வேண்டிய நெருக்கடி. பதக்கம் இல்லையென்றால் மதிப்பீட்டுக் குழு கேள்வி கேட்கும். விளையாடாத மாணவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பள்ளியிலோ பி.டி. பீரியடு பொதுத்தேர்வு ஆண்டில் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பக் தொடங்கிய காலத்தில் எல்லாருக்கும் ஆட்டம் என்பதுதான் பேச்சாக இருந்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைந்தது இரண்டு இயக்குநர்கள், அவர்களில் ஒருவர் பெண், இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

கல்லூரிகளில் முதல்வர்களின் படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். உடற்கல்வி இயக்குநர்களின் பெயர்கள் இருப்பது கல்லூரி ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களில், ‘விளையாட்டுத் துறை அறிக்கை’ என்ற தலைப்பின் கீழ். எந்த ஆண்டு யார் ஓடினார், எந்த அணி எந்த ஊரில் தோற்றது என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. குமரி மாவட்டத்தில் படித்தவர்கள் வீட்டுப் பரணில் அப்படி மலர்கள் இருக்கும். அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாமல், படித்த கல்லூரியின் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.